முதுகில் நீர் எடுத்தால் தம்பிக்குக் கால் விழுந்துவிடுமா?

19 வயது தம்பிக்கு இரண்டு நாள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, கழுத்தைக் குனிய முடியவில்லை என்கிறீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகுத்தண்டு நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், வீட்டில் பயப்படுகிறார்கள்.

இப்போதே கையெழுத்துப் போடுங்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்புப் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்கும் கீழே, பொதுவாக 3-ஆவது, 4-ஆவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில். அங்கே இருப்பது நீரில் மிதக்கும் நரம்பு இழைகள். ஊசி முனை பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். பிறகு சில நாள் தலைவலி வரலாம், பெரும்பாலும் அவ்வளவுதான்.

தெளிந்த தண்ணீர் போல வரவேண்டிய நீர் அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கி வந்தால் பாக்டீரியா மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகம் வலுக்கும். அந்த நீரில் வெள்ளணு ஏறி, சர்க்கரை இறங்கியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ரத்தச் சர்க்கரையும் அதே நேரத்தில் எடுக்க வேண்டும்.

பென்னாகரம் கிளினிக்கில் நேற்று ஊசி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள்! அது ஆன்டிபயாடிக் என்றால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி வளராமல் போகலாம். நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

வலிப்பு, நினைவு தடுமாற்றம் இருந்தால் முதலில் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். அதற்காக மருந்து காத்திருக்கக் கூடாது. ரத்தக் கல்ச்சர் எடுத்ததும் ஆன்டிபயாடிக்: செஃப்ட்ரியாக்ஸோன் 2 கிராம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே வான்கோமைசின். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்குச் சற்று முன்போ அதனுடனோ போனால் நல்ல பலன்; காது கேளாமையைக் குறைப்பது அதுதான். தொடங்கியாயிற்றா என்று டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள்.

குணமானாலும் டிஸ்சார்ஜுக்கு முன் காது பரிசோதனை செய்யுங்கள்.