கண்ணீர் வரவில்லை என்பதா குறை?

வணக்கம். தினமும் வேதாகமம் வாசிக்கிறேன். முன்பெல்லாம் ஒரு சங்கீதம் படித்தாலே கண் கலங்கும். இப்போது செய்தித்தாள் படிப்பது போலிருக்கிறது. என் இருதயம் கற்பாறை நிலமாகிவிட்டதா? வேறு மொழிபெயர்ப்புக்கு மாறலாமா? அதிகாலையில் வாசித்தால் சரியாகுமா? சொத்துத் தகராறுக்குப் பிறகு அண்ணனோடு பேச்சில்லை. அதனால் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை மட்டும் தாண்டிவிடுவேன். மற்றபடி ஒழுங்காகவே வாசிக்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

மொழிபெயர்ப்பு, அதிகாலை இரண்டையும் விடுங்கள். எது வசதியோ அது.

உங்களுக்கு நீங்களே கற்பாறை என்று பெயர் வைத்துக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மத்தேயு 13-ல் இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையை நிதானமாகப் பாருங்கள். விதை தேவ வசனம், நிலம் அதைக் கேட்கிறவன். வசனத்தைக் கேட்டதும் சந்தோஷத்தோடு ஏற்றுக்கொண்டு, வேரில்லாமல் சீக்கிரம் வாடிப்போகிறவனே அந்தக் கற்பாறை நிலத்தான். நல்ல நிலத்தான் கேட்கிறான், உணருகிறான், பலன் தருகிறான். அவன் அழுதானா, சிரித்தானா என்ற பேச்சே அங்கே இல்லை.

கொஞ்ச நாளாக எரேமியா 36-ஐத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். குளிர்காலம். யூதாவின் ராஜா யோயாக்கீம் கணப்பின் முன்னே உட்கார்ந்திருக்கிறான். எரேமியா தீர்க்கதரிசி சொல்லி எழுதவைத்த தேவ வார்த்தைகளின் சுருளை யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா அதைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். வேண்டாம் என்று மன்றாடியவர்களில் ஒருவன் சாப்பானின் மகன் கெமரியா. யோயாக்கீமின் அப்பா யோசியாவுக்கு, தேவனுடைய கட்டளைகள் அடங்கிய நியாயப்பிரமாண புத்தகத்தை வாசித்துக் காட்டியவன் பெயரும் சாப்பான்தான். அன்றைக்கு யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டான். அதோடு நிற்காமல் ஆலயத்திலிருந்த விக்கிரகப் பொருள்களை வெளியே கொண்டுபோய் எரித்தான். அப்பன் உடையைக் கிழித்தான், மகன் சுருளை அறுத்தான். கடின இருதயம் என்றால் எனக்கு அந்தக் கத்திதான். மரத்துப்போவது வேறு. மரத்துப்போனதே என்று வருந்தி ஒருவர் கடிதம் எழுதுகிறார் என்றால் அந்த இருதயம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஆனால், நண்பரே, மத்தேயு ஐந்தைத் தாண்டுகிறீர்களே, அது என்ன? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற இடம் அது. உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே பக்கத்தை மட்டும் அறுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஈரம் இல்லையே என்று கேட்டால் நான் என்ன சொல்வது? 'மற்றபடி ஒழுங்காகவே வாசிக்கிறேன்' என்கிறீர்கள். அந்த 'மற்றபடி'யை இனி எங்கேயும் எழுதாதீர்கள்.

சொத்தில் நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். இன்று ராத்திரி அந்த அதிகாரத்தை வாசியுங்கள், வறட்சியாக இருந்தாலும் சரி. அப்புறம் அண்ணனுக்குப் போன் செய்யுங்கள். அவர் எடுக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.