ஹைடெக் லேப் வேலைக்கு என்ன படிக்க வைக்கலாம்?

கருங்கல் பகுதியிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள், கணினி அறிவியல் குரூப். பள்ளியின் ஹைடெக் லேபை, அதாவது இணைய வசதியுள்ள கணினி ஆய்வகத்தை, பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் போலத் தானும் ஆக வேண்டும் என்கிறாள். "அது கவர்ன்மென்ட் வேலைதானே, எதில் சேர்க்கட்டும்?" என்று கேட்கிறீர்கள். வேலை நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பெண் அநேகமாக அரசு ஊழியர் அல்ல. இதைத் தெரிந்துகொண்டு படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டரோடு தொடர்புள்ள நிரந்தரப் பதவி என்றால் முதலில் வருவது கணினி பயிற்றுநர் நிலை 1. ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தும். கணினி சார்ந்த முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்று, இரண்டு, இரண்டு என்று ஏழு வருடப் படிப்பு. சம்பள விகிதம் 36,900 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் இது கற்பிக்கும் பதவி, பழுது பார்க்கும் பதவி அல்ல.

இன்னொன்று ஆய்வக உதவியாளர். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்பதால் எல்லோரும் ஆசைப்படுவார்கள். 2015 மே 31ல் 4,362 இடங்களுக்குத் தேர்வு நடந்தது. முடிவு வந்தது 2017ல். இதை மட்டும் நம்பி ஒரு பிள்ளையை வீட்டில் உட்கார வைக்கக் கூடாது.

மகள் பார்த்த வேலை மூன்றாவது வகை: லேப் நிர்வாகி, வட்டார வள மையத்தில் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான மாநில அரசுப் போர்ட்டல்) பதிவு செய்பவர், மாவட்ட அலுவலகத்தில் தரவு ஒருங்கிணைப்பாளர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அகஸ்தீஸ்வரம் முதல் முஞ்சிறை, மேல்புறம் வரை ஒன்பது வட்டாரங்கள் உண்டு. இந்த வேலைகளில் பெரும்பாலானவை ஒப்பந்தம் அல்லது அவுட்சோர்சிங். நடுநிலைப் பள்ளி லேப்களுக்குக் கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் வழியாக ஆள் எடுத்தது நினைவிருக்கலாம். திட்டத்துக்குப் பணம் வந்தால் சம்பளம், வராவிட்டால் இழுபறி. 2024-25ல் பள்ளிக் கல்விக்கான மத்திய-மாநிலத் திட்டமான சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்காமல் வைத்திருந்தபோது இந்த ஊழியர்கள்தான் முதலில் கவலைப்பட்டார்கள்.

ஆகவே என் கருத்து இது: லேப் வேலையைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக வைக்கக் கூடாது. அங்கே கிடைக்கும் கைவேலை அறிவு எந்தப் பள்ளியிலும், மருத்துவமனையிலும், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் செல்லும்.

அந்தக் கைவேலை என்ன என்பதை மகள் தெரிந்துகொள்ள வேண்டும். அது புரோகிராமிங் அல்ல. பாதி கரண்ட், கால்வாசி கேபிள், மிச்சம் போர்ட்டல்.

கரண்டில் தொடங்குவோம். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்திங் சரியில்லை என்று எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது சாதாரணம். தண்ணீர் ஊற்றினாலே பல சமயம் சரியாகிவிடும். யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறி ஓய்ந்து நிற்கும்போது 12.7க்கு மேல் காட்டும். லோடு கொடுத்ததும் 10.5க்குக் கீழே சரிந்தால் அதன் கதை முடிந்தது. வரிசையில் ஒன்று மட்டும் கெட்டது என்று அதை மட்டும் மாற்றினால் பழையவை புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். மொத்தமாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கென்று இரண்டு எதிரிகள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் இடிமின்னல். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்புக் கம்பி லேன் கேபிள் இழுத்திருந்தால் மின்னல் அந்த வழியாகவே வந்து நெட்வொர்க் சுவிட்ச்சின் (லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டி) போர்ட்களை எரிக்கும். கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் போடுவதுதான் சரி. ஃபைபரில் கரண்ட் பாயாது. அதுவரை, மழைக்கோள் இருந்தால் மாலையில் கேபிளைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். குளச்சல், தூத்தூர் போன்ற கடலோரப் பள்ளிகளில் உப்புக் காற்று. ரேம் கால்களிலும் லேன் பின்களிலும் பச்சை படியும், கம்ப்யூட்டர் பீப் அடித்துவிட்டுத் திரை கறுப்பாக நிற்கும். பெரும்பாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும். அணைத்த சூட்டோடு பிளாஸ்டிக் உறை போடுகிற வழக்கம் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கிறது. கோடை விடுமுறையிலும் வாரம் ஒருமுறையாவது கம்ப்யூட்டர்களை ஒரு மணி நேரம் ஓட விடுவது நல்லது.

கேபிளில் தெரிய வேண்டியது: கேட் 6 வகை லேன் கேபிள் ஒரு ஓட்டத்துக்கு 100 மீட்டர்தான். கேபிள் முனையில் ஆர்ஜே45 பிளக்கை அழுத்திப் பொருத்தும் (கிரிம்ப்) நிற வரிசை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. லேப் முழுவதும் திடீரென்று நெட் போய், சுவிட்ச்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் மின்னினால், தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் மறுமுனையை யாரோ அதே சுவிட்ச்சில் சொருகியிருப்பார்கள். இணைய நிறுவனத்துக்கு புகார் போடும் முன் அதைப் பாருங்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் எந்தத் தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுத்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்; தேதி தவறாக இருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். தலைமையாசிரியருக்கு அது பெரிய வித்தை மாதிரித் தெரியும்.

போர்ட்டல் வேலை பொறுமையைச் சோதிக்கும். எமிஸ்ஸில் ஒரு மாணவரைச் சேர்க்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் பழைய பள்ளி அவரை இன்னும் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கவில்லை. கேரளத்தின் பாறசாலைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு எமிஸ் எண்ணே இருக்காது. மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் போர்ட்டலில் உள்ள பென் எண்ணை (மாணவரின் நிரந்தரக் கல்வி எண்) கேட்டு வாங்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பள்ளியில் பின்னால் என்ற சிக்கல் தினமும் வரும்.

இனி படிப்பு. மகளுக்கு நான் சொல்வது பாலிடெக்னிக் டிப்ளமா. பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டே வருடம். நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவு கிடைக்காவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் எடுங்கள், இந்த வேலைக்கு அது குறைவில்லை. அதற்குப் பிறகு விருப்பமிருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். வீட்டில் உடனே வருமானம் வேண்டுமென்றால் ஐடிஐ, அதிலும் ஒரு வருட கோபா (கம்ப்யூட்டர் ஆபரேட்டர் டிரேடு) மட்டும் போதாது. அது டைப்பிங், ஆபீஸ் வேலைக்கான படிப்பு. ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்பு உள்ள டிரேடைக் கேட்டு வாங்குங்கள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பதானால், பி.எட். வரை போய்ப் பயிற்றுநர் தேர்வு எழுதும் எண்ணத்தோடு எடுக்கட்டும். வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கையில் ஸ்குரூடிரைவர் பிடித்த டிப்ளமாக்காரர்தான் முந்துவார்.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் டிப்ளமாவுக்கும் ஐடிஐக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் அதிகம் என்பதால் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

படிக்கும்போதே டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதட்டும். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி என்றால் அந்தச் சான்றிதழை இப்போதே பள்ளியில் வாங்கி வையுங்கள், 20 சதவீத ஒதுக்கீடு அதில்தான் இருக்கிறது. டிப்ளமா முடித்ததும் அதே ஆணையத்தின் தொழில்நுட்பப் பணித் தேர்வும் இருக்கிறது. தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். மலையாளம் அல்லது ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஒப்பந்த வேலை வந்தால் சேருமுன் மூன்றைக் கேளுங்கள்: நியமனக் கடிதத்தில் ஒப்பந்தக் காலம் எழுதியிருக்கிறதா, பிஎஃப் எண் தருவார்களா, சம்பளம் 21,000க்குள் என்றால் இஎஸ்ஐ பிடிக்கிறார்களா. டெபாசிட் என்றோ பயிற்சிக் கட்டணம் என்றோ பணம் கேட்டால், யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், எழுந்து வந்துவிடுங்கள்.