சைக்கிள் பக்கம்: தொர்தோன் ஆற்றங்கரையில் ஒரு நாள்

கேள்வி: வயது 52. ஞாயிறு தவறாமல் நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். செப்டம்பர் கடைசியில் பிரான்ஸில் போர்தோ நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஒரே நாளில் சுற்றி வரும்படி, கிராமப்புறமாக, மூச்சு வாங்காத ஒரு வழி சொல்லுங்களேன். ஆல்ப்ஸ் எல்லாம் வேண்டாம்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போர்தோ என்றதும் எனக்கு வேறு ஊரே தோன்றவில்லை. தொர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கும் சார்லா என்ற சிற்றூருக்கு ரயில் ஏறுங்கள். நேரடி ரயிலே இருக்கிறது. முதல் நாளே போய்த் தங்கிவிட்டு, காலையில் வாடகை சைக்கிளில் கிளம்புங்கள்.

நான் சொல்லும் சுற்று ஏறக்குறைய 55 கிலோமீட்டர். ஊரின் தெற்கு விளிம்பில் பழைய ரயில் பாதையைத் தார் போட்டுச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். கார் கிடையாது, ஏற்றமும் பெரிதாகக் கிடையாது. கார்சாக் வரை அதிலேயே போய்விடலாம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் மோன்ஃபோர். பாறையைக் குடைந்து போட்ட சாலை, கீழே தொர்தோன் ஆறு முழு வளையம் போட்டுத் திரும்புகிறது. அந்த வளைவுக்குள் அடங்கிய நிலம் முழுக்க வால்நட் தோப்பு, வரிசை பிசகாமல். அங்கே நிறுத்தாமல் போகாதீர்கள்.

அப்புறம் வித்ராக் தாண்டி, பாலம் கடந்து செனாக். இங்கேதான் இந்த நாளின் ஒரே நிஜமான ஏற்றம்: தோம். ஆற்றிலிருந்து 150 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் கோட்டை ஊர். 1281-ல் மூன்றாம் பிலிப் மன்னர் கட்டச் சொன்னது. சின்ன கியர் போட்டு, பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் ஒன்றும் குறையாது. மேலே கோட்டை வாசல் கோபுரங்களைப் பாருங்கள். 1307 முதல் 1318 வரை டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவி-வீரர்களை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் சுவரில் செதுக்கிய சிலுவைகளும் உருவங்களும் உள்ளே இன்னும் இருக்கின்றன. விளிம்பிலிருந்து பார்த்தால் நீங்கள் வந்த வழி, போகப்போகும் வழி இரண்டும் தெரியும்.

இறங்கியதும் நேராக வடகரைச் சாலைக்குப் போய்விடாதீர்கள், எல்லாரும் அங்கேதான் போவார்கள். செனாக்கிலிருந்து தென்கரையிலேயே டி50 என்ற சாலையில் சேன்-சிப்ரனே போய், அங்கிருந்து காஸ்தெல்நோவுக்குப் போகலாம். இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு பக்கம் சோளக்கொல்லை, ஒரு பக்கம் தேன் நிறக் கல் வீடுகள், நம் சக்கரச் சத்தம் நமக்கே கேட்கும். பொதுவாகவே சொல்கிறேன்: பிரான்ஸில் சைக்கிள் ஓட்டப் போகிறவர் மிஷ்லின் காகித வரைபடம் ஒன்று வாங்க வேண்டும். சிவப்புக் கோடு பெரிய சாலை, மஞ்சள் அதற்கு அடுத்தது, வெள்ளை என்றால் ஊர்ச் சாலை. ஓரத்தில் பச்சை ஓடினால் காட்சி நன்றாக இருக்கும். பச்சை ஓரம் போட்ட வெள்ளைக் கோடு கிடைத்தால் யோசிக்காமல் திரும்புங்கள். செல்பேசி குறுக்கு வழி காட்டும், நல்ல வழியைக் காட்டுவதில்லை.

காஸ்தெல்நோ கோட்டைக்கு எதிர்க்கரையில் பெனாக் கோட்டை. நூறாண்டுப் போரில் காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம், பெனாக் பிரெஞ்சுக்காரர் பக்கம். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு எதிரிக் கோட்டைகள்! கால் தெம்பாக இருந்தால் பாலம் கடக்கும் முன், இன்னும் மேற்கே மிலாந்த் மாளிகை வரை போய் வரலாம். பாடகி ஜோசபின் பேக்கர் 1947-ல் வாங்கி, தத்தெடுத்த பிள்ளைகளோடு வாழ்ந்த வீடு.

திரும்பி வருவது வடகரையில், லா ரோக்-கஜாக் வழியாக. செங்குத்துப் பாறையோடு ஒட்டிய ஒற்றை வரிசை ஊர். 1957-ல் பாறை சரிந்து வீடுகள் நொறுங்கி, உயிர்கள் போன இடம். தெற்கு பார்த்த பாறை வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அங்கே வாழை வளர்கிறது. பிரான்ஸ் கிராமத்தில் வாழையைப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்தத் திசையில் வந்தால் ஆறு உங்கள் பக்கமே ஓடும், அதனால்தான் சுற்றை இப்படி அமைத்தேன். பிறகு வித்ராக், சார்லா. அந்தக் கடைசி ஏழெட்டு கிலோமீட்டரில் வண்டிகள் அதிகம், ஓரமாக வாருங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அந்தப் பக்கம் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: கிடைக்கும், ஆனால் விசாரிக்காமல் சாப்பிடாதீர்கள். அது வாத்துக்குப் பேர்போன சீமை. ‘சார்லா உருளைக்கிழங்கு’ என்று தட்டில் வருவது பூண்டு வாசனையோடு பொன்னிறமாக, பார்க்க நம் வறுவல் மாதிரியே இருக்கும். வறுப்பது வாத்துக் கொழுப்பில். ‘பெரிகோர் சாலட்’ (பெரிகோர் என்பது அந்தச் சீமையின் பழைய பெயர்) என்றால் பெரும்பாலும் கீரைக்கு நடுவே வாத்தின் இரைப்பைத் துண்டுகள் இருக்கும். ரொட்டி, கபெக்கு என்ற சின்ன வட்ட ஆட்டுப்பால் சீஸ், தக்காளி, வால்நட், பழம் – இவற்றைச் சார்லாவிலேயே காலையில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புதன், சனி சந்தை நாள். சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பதுண்டு, அது ஆகாது என்றால் சீஸையும் விட்டுவிடுங்கள். கிராமக் கடைகள் மதியம் பூட்டிவிடுவார்கள், பசி வந்த பிறகு தேடினால் அலைச்சல்தான். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ என்று பலகை இருந்தால் குடிக்கக்கூடாது.

கேள்வி: வலது பக்கம் ஓட்ட வேண்டுமே, குழப்பம் வராதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஓடும்போது வராது. நின்று கிளம்பும்போதுதான் வரும். போட்டோ எடுத்துவிட்டு ஏறும் ஒவ்வொரு தடவையும் ‘வலது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம் பிரேக். நம் சைக்கிளில் வலது கைப்பிடி முன் பிரேக், அங்கே வழக்கமாக இடது கைப்பிடிதான் முன் சக்கரத்தைப் பிடிக்கும். வாடகைக்கு எடுத்த இடத்திலேயே மெதுவாக ஓட்டி அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள், தோமிலிருந்து இறங்கும்போது பழகக்கூடாது. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் விலக வேண்டும் என்பது அங்கே சட்டம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம்.

கேள்வி: பேட்டரி சைக்கிளில் போனால் கௌரவக் குறைச்சலா?
– வாசகி, வேலூர்

பதில்: இல்லவே இல்லை. உங்களுக்கு ஒன்று, கணவருக்குச் சாதாரணம் என்றாலும் தோம் உச்சியில் சேர்ந்தே நிற்கலாம்.

கேள்வி: ஆகஸ்டில்தான் லீவு. போகலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடிந்தால் மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்டில் வடகரை முழுக்கக் கேம்பர் வேன். வேறு வழியில்லை என்றால் விடியலில் கிளம்பி, லா ரோக்-கஜாக்கை முதலில் முடித்துவிடுங்கள்.

கேள்வி: வழியில் உதிர்ந்து கிடக்கும் வால்நட்டைப் பொறுக்கலாமா?
– கோயம்புத்தூர் வாசகரே, இரண்டாம் கடிதத்தில்

பதில்: தோப்பில் கிடப்பதைத் தொடாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம். நீங்கள் போகும் சமயம் புது வால்நட் சந்தைக்கு வரத் தொடங்கும். ஈரமாக, மேல்தோலை உரித்துவிட்டுச் சாப்பிட அவ்வளவு ருசி, ஆனால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அதை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, ஊருக்குக் கொண்டுவரக் காய்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள்.