ஸகூமாவின் யானைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சாட் நாட்டின் ஸகூமா தேசியப் பூங்காவைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நூற்றுக்கணக்கான யானைகள் ஒரே கூட்டமாக நடப்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நானும் மனைவியும் ஆப்பிரிக்கப் பயணத்துக்காகப் பணம் சேர்த்து வருகிறோம். நண்பர்கள் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குத்தான் போகச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவழித்து, யாரும் போகாத ஸகூமாவுக்குப் போகலாமா?

கே.

அன்புள்ள கே.,

சிங்கம் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் மாராவுக்கே போங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. யானைகள்தான் உங்களை இழுக்கின்றன என்றால் ஸகூமா. ஆனால் அதற்கு முன் என் குறிப்பில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெருங்கூட்டத்தை அழகு என்று மட்டும் எழுதிவிட்டேன். யானைகள் வழக்கமாக அப்படித் திரிவதில்லை. பாட்டி, அம்மா, சித்திகள், குட்டிகள் என்று சிறு குடும்பமாகத்தான் இருக்கும். ஸகூமாவில் அவை ஒட்டி நின்றது பயத்தில். 2002-இல் நாலாயிரத்துக்கும் மேல் இருந்தவை 2010-இல் ஏறத்தாழ 450 ஆகிவிட்டன. தந்தத்துக்காக வேட்டைக்காரர்கள் குதிரைகளில் வந்து சுட்டார்கள். மழைக்காலத்தில் பூங்காவின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கிவிடும். அப்போது எல்லையைத் தாண்டி வெளியே போகும் யானைகள் அவர்களிடம் மாட்டிக்கொண்டன. மிஞ்சியவை நெருங்கி நின்றன. சில வருடங்கள் குட்டி பிறப்பதே அரிதாகிவிட்டது.

2010-இல் சாட் அரசோடு ஒப்பந்தம் செய்து ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு நிர்வாகத்தை ஏற்றது. யானைகள் இருக்குமிடம் தெரியக் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். மழைக்காலத்திலும் காவலர்கள் பின்னாலேயே போனார்கள். 2012 செப்டம்பரில், விடியற்காலைத் தொழுகை வேளையில் ஆறு காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களைச் சொல்லாமல் அந்த யானைகளைப் பற்றி நான் எழுதியிருக்கக் கூடாது.

மறுபடி குட்டிகள் பிறந்து, 2018-இல் யானைகளின் எண்ணிக்கை 550-ஐத் தாண்டியது. அதனால் அங்கே போனால் கூட்டம் எவ்வளவு பெரிது என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பெரிய யானைகளின் கால்களுக்கு நடுவே குட்டிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஜீப்பை அருகே கொண்டுபோகச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தவும் வேண்டாம். ஆட்கள் நெருங்கி வருவது அவற்றுக்குப் பழைய வேட்டையை நினைவூட்டலாம்.

அப்புறம், யானை மட்டும் இல்லை. உலகில் மிஞ்சியிருக்கும் கோர்டோஃபான் என்ற வகை ஒட்டகச்சிவிங்கிகளில் பெரும்பங்கு இந்த ஒரு பூங்காவில்தான் இருக்கிறது. சாயங்காலம் நீர்க்கரையில் உட்கார்ந்தால் குவிலியா என்ற சிட்டுக்குருவி அளவுப் பறவைகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கும். கிளைகள் பாரத்தில் வளையும்.

போகிற காலம் முக்கியம். மழையில் அந்தக் கரிசல் மண்ணில் வண்டி நகராது. மார்ச், ஏப்ரலில் வெயில் கடுமைதான், ஆனால் தண்ணீர் சுருங்கிச் சில குட்டைகள் மட்டும் மிஞ்சுவதால் எல்லா விலங்குகளும் அங்கே வந்தாக வேண்டும். தலைநகர் என்ஜமேனாவிலிருந்து சிறு விமானத்தில் போவதுதான் சுலபம். முன்பதிவுக்கு முன் பயணப் பாதுகாப்பு அறிவிப்புகளையும் ஒருமுறை பாருங்கள். குட்டிகளைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள்.