பாக்ஸ் டாப்ஸுக்காக சீரியல் வாங்கணுமா?

கேள்வி: மகள் இங்கே எலிமெண்டரி பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பி.டி.ஏ. கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்காததால் நான் கையைத் தூக்கப் போக, பாக்ஸ் டாப்ஸ் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது (குறிப்பிட்ட சில பொருட்களை வாங்கினால் பள்ளிக்குச் சிறு தொகை கிடைக்கும் திட்டம் இது). எங்கள் வீட்டில் காலையில் இட்லி, தோசைதான். அதிகம் சேர்க்கும் வகுப்புக்கு பீட்சா பார்ட்டி என்று சொன்னதிலிருந்து மகள் கடையில் சீரியல் (பால் ஊற்றிச் சாப்பிடும் தானிய உணவு) அடுக்கை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். "25 டாலருக்கு செக் எழுதிக் கொடுத்துட்டு வேலையைப் பாரு" என்கிறார் கணவர். முன்பு பொறுப்பில் இருந்தவர் ஒரு பை நிறைய வெட்டிய கூப்பன்களை வேறு கொடுத்திருக்கிறார். என்ன செய்யட்டும்? (ஒரு வாசகி, டெக்சாஸ்)

பதில்: முதலில் அந்தப் பையை ஒழித்துக்கட்டுவோம். ஒவ்வொரு கூப்பனிலும் பொடி எழுத்தில் காலாவதித் தேதி இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். டப்பாவில் வெட்டி எடுக்கிற கூப்பனை விட்டுவிட்டு 2019-லேயே ரசீதைப் படம் எடுக்கும் மொபைல் ஆப்புக்கு மாறிவிட்டார்கள், அதனால் பையில் இருப்பதெல்லாம் அநேகமாகத் தேதி தாண்டியதாகத்தான் இருக்கும். தாண்டியதற்கு ஒரு சென்ட் கூட வராது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஐம்பது ஐம்பதாக எண்ணிக் கட்டாதீர்கள்.

இனி கணக்கு. உங்கள் கணவர் சொல்வது சரிதான். ஒரு பொருளுக்குப் பள்ளிக்குப் போவது 10 சென்ட். 25 டாலர் சேர 250 பொருள் வாங்க வேண்டும். நாலைந்து டாலர் கொடுத்து ஒரு டப்பா சீரியல் வாங்கி, அதை மகள் இரண்டு நாள் தின்றுவிட்டு மூன்றாம் நாள் முகத்தைச் சுளித்து, கடைசியில் நீங்களே பால் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தால் பள்ளிக்குக் கிடைத்தது அந்தப் பத்து சென்ட், மீதியெல்லாம் கடைக்கும் கம்பெனிக்கும். சீரியல் தயாரிக்கும் ஜெனரல் மில்ஸ் கம்பெனி 1996-ல் கலிஃபோர்னியாவில் இதை ஆரம்பித்தது தன் சரக்கும் விற்கத்தானே? தப்பென்று சொல்லவில்லை, பள்ளிகளுக்கு நிஜமாகவே நிறையப் பணம் போயிருக்கிறது. ஆனால் இதற்காகவென்று ஒரு பொருள் கூட வாங்காதீர்கள். அதை மகளிடமும் இதே கணக்கைப் போட்டுக் காட்டியே சொல்லுங்கள், மூன்றாம் வகுப்புக்கு இது புரியும்.

அப்படியானால் பொறுப்பை விட்டுவிடலாமா என்றால், வேண்டாம். செக் எழுத உங்களால் முடிகிறது, அந்தப் பள்ளியில் எல்லா வீட்டிலும் முடியுமா? எப்படியும் சீரியோஸ் மாதிரி சீரியல் வாங்குகிற வீட்டுக்கு இது கையைக் கடிக்காத காசு, ரசீதைப் படம் எடுத்தால் போதும். அவர்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: வாங்கிய 14 நாளுக்குள் ரசீதை ஆப்பில் ஏற்ற வேண்டும், ஆப்பில் நம் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பெரும்பாலான காசு கோட்டை விடப்படுவது அந்த 14 நாளில்தான். ரசீது காய்கறிப் பையின் அடியில் கொத்தமல்லி ஈரத்தில் ஊறி, எழுத்தெல்லாம் அழிந்துபோன பிறகுதான் ஞாபகம் வரும். கடை வாசலில் காரை எடுப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது என்று கூச்சமாக இருக்கிறதா? வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கேட்டுப் பெரிய பலன் இருக்காது, அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் அவரவர் பிள்ளையின் பள்ளி இருக்கும். கல்யாணமாகாத அலுவலக நண்பர்கள், பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள், இவர்களைப் பிடியுங்கள். ஒன்று மட்டும், என்ன வாங்குகிறோம் என்ற விவரம் ரசீதோடு சேர்ந்தே போகிறது. அது பிடிக்காமல் யாராவது மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

பீட்சா பார்ட்டி விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. அம்மா அப்பா எந்தக் கடையில் என்ன வாங்குகிறார்கள் என்பதற்குப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பானேன்? பொறுப்பு இப்போது உங்கள் கையில்தானே இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். வகுப்புக்கு வகுப்பு போட்டி வேண்டாம், மொத்தப் பள்ளிக்கும் ஒரே இலக்கு, எட்டினால் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் என்று மாற்றச் சொல்லுங்கள். உங்களைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னும் நாலு பேர் உடனே கை தூக்குவார்கள்.

அப்புறம் அந்த 25 டாலர் செக். எழுதுவதற்கு முன் உங்கள் கணவர் தன் கம்பெனியில் நன்கொடைக்கு மேட்சிங் உண்டா என்று கேட்கட்டும். இருந்து, உங்கள் பி.டி.ஏ.வும் அதற்குத் தகுதி பெற்ற அமைப்பாக இருந்தால், அவர் கொடுப்பதற்குச் சமமாகக் கம்பெனியும் போடும், 25 என்பது 50 ஆகும். மைக்ரோசாஃப்ட் மாதிரி சில கம்பெனிகள் ஊழியர் தன்னார்வமாகச் செய்யும் வேலைக்கும் மணிக்கணக்கு வைத்துப் பணம் கொடுக்கின்றன. அவரையும் ஒரு சனிக்கிழமை பள்ளியில் நாற்காலி அடுக்க அனுப்பி வையுங்களேன்.