விளையாத பயிரை விற்றுவைப்பது

வணக்கம் ஐயா,

விதைக்கும்போதே முன்பேரச் சந்தையில் (பின்னால் தரும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தை) விற்றுவைத்தால் விவசாயிக்கு விலை பயமே இல்லை என்கிறார்கள். அப்படியானால் எதிர்பார்க்கும் விளைச்சல் முழுவதையும் விற்றுவிடலாம்தானே?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முழுவதையும் விற்கக் கூடாது. முன்பேர ஒப்பந்தத்தால் விலையை மட்டும்தான் கட்டிவைக்க முடியும். எவ்வளவு விளையும் என்பது மழையின் கையில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 குவிண்டால் விளையும் என்று நம்பி, குவிண்டாலுக்கு 100 வீதம் அத்தனைக்கும் ஒப்பந்தம் விற்கிறீர்கள். வரவு 10,000 என்று நினைப்பு. அந்தப் பயிர் விளையும் பகுதி முழுக்க வறட்சி அடிக்கிறது. உங்களுக்குக் கிடைப்பது 60 குவிண்டால், விலையோ 140. விளைந்ததை விற்றால் 8,400. ஆனால் 100 குவிண்டால் ஒப்பந்தத்தை 140க்குத் திரும்ப வாங்கித் தீர்க்க வேண்டும், அதில் 4,000 நட்டம். மிச்சம் 4,400. பாதிக்கு மட்டும் விற்றவருக்கு 6,400 நிற்கும். ஒப்பந்தமே போடாதவர் 8,400ஐ முழுதாக எடுத்துப் போவார். பற்றாக்குறையில் விலை ஏறுவதே விவசாயிக்கு ஓர் ஈடு. முழுதாக ஹெட்ஜ் செய்பவர், அதாவது விளைச்சல் முழுவதற்கும் விலையைக் கட்டிவைப்பவர், அந்த ஈட்டையும் சேர்த்தே விற்றுவிடுகிறார்.

விளைச்சல் நன்றாக இருந்தாலும் சிக்கல் வரும். 2010 ஆகஸ்டில் வறட்சி காரணமாக ரஷ்யா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியபோது சிகாகோ முன்பேரச் சந்தையில் கோதுமை விலை எகிறியது. அங்கே விற்றுவைத்தவர்களின் நட்டம் அறுவடைவரை காத்திருக்காது. அன்றன்றைக்கு மார்ஜின், அதாவது நட்டத்தை ஈடுகட்டத் தரகரிடம் வைக்கும் பணம், கட்டியாக வேண்டும். பயிர் வயலில் நிற்கும், பணத்தை நாளைக்கே கேட்பார்கள். கட்டாவிட்டால் தரகர் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். அதன் பிறகு விலை இறங்கினால் அந்த நட்டத்தோடு, பயிரைக் குறைந்த விலைக்கு விற்கும் நட்டமும் சேரும். பாதுகாப்பு என்று எதுவும் மிஞ்சாது.

உள்ளூர் விலைக்கும் முன்பேரச் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம், அதாவது பேசிஸ், அது தனித் தலைவலி. ஒப்பந்த அளவையும் பாருங்கள்: சிகாகோவின் வழக்கமான கோதுமை ஒப்பந்தம் ஒன்று 5,000 புஷல், ஏறக்குறைய 136 டன். சிறு விவசாயி தனியாக அதைத் தொடவே முடியாது.

கடந்த 10 ஆண்டில் உங்கள் வயல் கண்ட மிகக் குறைந்த விளைச்சல் எதுவோ, விதைப்பின்போது அதற்கு மேல் விற்காதீர்கள். பூ பிடித்து, மகசூல் ஓரளவு தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சொந்த வயல் விளைச்சலுக்கே காப்பீடு இருந்தால் இன்னும் சற்று அதிகம் விற்கலாம். வட்டாரச் சராசரியை வைத்து இழப்பீடு தரும் காப்பீட்டை நம்பி அப்படிச் செய்ய வேண்டாம்; உங்கள் வயல் மட்டும் பொய்த்தால் அது பைசா தராது. மார்ஜினுக்குக் கையில் பணம் இல்லாதவர் புட் ஆப்ஷன் வாங்கலாம்; குறித்த விலைக்கு விற்கும் உரிமை அது, கட்டாயம் இல்லை. அதற்கான கட்டணம், அதாவது பிரீமியம், முதலிலேயே போய்விடும். அதற்கு மேல் ஒரு காசும் கேட்க மாட்டார்கள்.