வைத்திலிங்கோன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடை விடுமுறையில் மொரீஷியஸ் போயிருந்தேன். என் அக்காவை ரோஸ்ஹில்லில் நாலைந்து தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். வாசலிலேயே கன்னத்தில் முத்தம். சாப்பாட்டு மேசையில் வைன். கோயிலுக்குப் பட்டுப்புடவை கட்டி வருகிறார்கள், பேசுவதோ பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. அக்கா மாமனாரின் குடும்பப் பெயர் வைத்திலிங்கோன். "தப்பு மாமா, வைத்திலிங்கம் என்று திருத்திக்கொள்ளுங்கள்" என்றேன். அக்கா அதைக் கிரியோலில் சொன்னாள். நான் கிளம்பும்வரை அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. தமிழ்ப் பற்றே இல்லாதவர்களோடு எப்படிப் பழகுவது? அடுத்த முறை என்ன வாங்கிப் போகலாம்?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

கன்னத்தோடு கன்னம் ஒட்டியதால் யாருக்கும் தேய்ந்துபோகாது. வைனை உங்கள் தம்ளரில் ஊற்றவில்லை அல்லவா, அதையும் விடுங்கள். அந்த "தப்பு மாமா" இருக்கிறதே, அதை மட்டும் விட முடியாது.

ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணாடி முன் நின்று, மேடைப் பேச்சாக இல்லாமல் வீட்டில் பேசுகிற மாதிரி, "கையில் பணம் இல்லை" என்று முழுதாகச் சொல்ல வேண்டாம். வெறுமனே "பணம்" என்று சொல்லி நிறுத்துங்கள். உதடு ஒட்டுகிறதா? ஒட்டாது. "பணோ" என்று மூக்கில் போய் முடியும். இப்போது "பணமா?" என்று கேளுங்கள். உடனே உதடு மூடித் திறக்கும். பின்னால் உயிரெழுத்து வந்தால் மகர ஒற்று திரும்ப வரும். சொல் அதோடு முடிந்தால் உதட்டை விட்டு மூக்குக்குள் போய்விடும். மரம், பழம், ரசம் எல்லாம் இப்படித்தான். நாம் எழுதுவது 'அம்', பேசுவது மூக்கொலி 'ஓ'. எழுத்தைப் பார்த்தே வளர்ந்ததால் நம் வாய் செய்வது நமக்கே தெரிவதில்லை.

பிரெஞ்சுக்காரரும் பின்னர் ஆங்கிலேயரும் ஆண்ட தீவு அது. பிரெஞ்சுக்காரனுக்கு இந்த ஒலி புதிதல்ல. அவன் மொழியிலேயே சொல்லின் கடைசி 'ஓன்' மூக்கில்தான் முடியும். அதனால் வைத்திலிங்கம் என்றவனின் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டான்: வைத்திலிங்கோன். அக்கா வீட்டில் ரசத்தை என்ன சொன்னார்கள்? 'ரசோன்' என்றிருப்பார்கள். அதே கணக்கு. 'அன்' என்று முடியும் பெயர்களுக்கும் இதுதான் நடந்தது. ஊர்ப்பக்கம் "அவென் வந்தான்" என்கிறோமே, அந்த 'என்' அங்கே கோவிந்தேன், கருப்பனேன் என்று நின்றுவிட்டது. உங்கள் பர்ஸில் மிச்சமிருக்கும் மொரீஷியஸ் நூறு ரூபாய்த் தாளைப் பாருங்கள். அதில் படமாக இருக்கும் அரசியல் தலைவர் நம் எழுத்தில் ரெங்கநாதன் சீனிவாசன். தாளில் ரெங்கநாதேன் சீனிவாசேன்.

எல்லாப் பெயரும் இப்படி இல்லை. ஆறுமுகம், நாகலிங்கம் எல்லாம் 'அம்' என்றே முடியும். மெட்ராஸ் எழுத்துக்கூட்டு பழகிய ஆங்கிலக் கை அது. முத்துவுக்கு இரண்டு 'ஓ' (oo) போட்டிருந்தால் ஆங்கில வழி, 'ஓ'வும் 'யூ'வும் (ou) போட்டிருந்தால் பிரெஞ்சு வழி. ஆக வைத்திலிங்கோன் பிழை அல்ல. நம் ஏட்டுத் தமிழ் விட்டுவிட்ட பேச்சொலியை வேற்று மொழிக்காரன் ஒருவன் காதால் பிடித்து வைத்திருக்கிறான். அதைத் திருத்தச் சொல்ல உங்களுக்கு என்ன வந்தது?

இன்னொன்று. நமக்கு இனிஷியல், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அங்கே அநேகமாகக் கப்பலேறி வந்தவரின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. வைத்திலிங்கம் என்பது சாதியுமல்ல, ஊருமல்ல, அந்த ஆள். அவர் கொள்ளுப்பேரனிடம் போய், அவர் வீட்டுச் சோற்றையே தின்றுகொண்டு, உங்கள் தாத்தா பெயர் தப்பு என்றால் முகம் சுருங்காதா?

பற்றில்லை என்கிறீர்கள். 1998-ல் அங்கே வந்த புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் இருந்த இடத்தில் இந்தியைப் போட்டு, தமிழைக் கீழே தள்ளினார்கள். கிரியோல் பேசும் இந்தத் தமிழர்கள்தான் கொதித்தெழுந்தார்கள். தாள்களைத் திரும்பப் பெற்று, 1999-ல் தமிழை மறுபடி மேலே வைத்து அச்சடித்தார்கள். நம் ரூபாயில் தமிழ் எத்தனையாவது வரி என்று பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

என்ன வாங்கிப் போவது? கறிவேப்பிலை, விதை, செடி எதுவும் வேண்டாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் விமான நிலையம் தாண்டாது. கறிவேப்பிலை அங்கேயே கொல்லையில் இருக்கிறது, 'கறிப்புலே' என்று கேளுங்கள். அதைவிட உருப்படியான வேலை ஒன்று உண்டு. 1834 முதல் 1910 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், ஊர் எல்லாம் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. நேரே போய்ப் பெயரைச் சொன்னால் கிடைக்காது. ஒரே பெயரில் பலர், ஒவ்வொரு பெயருக்கும் பல எழுத்துக்கூட்டு. மாமனாரின் பிறப்புச் சான்றிலிருந்து தொடங்கி, அவர் அப்பா, தாத்தா என்று பின்னோக்கிப் போங்கள். பழைய பிறப்பு, திருமணப் பத்திரங்களில் குடியேறியவரின் எண்ணையே எழுதியிருப்பார்கள். எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்குத்தான் நீங்கள் தேவை. ஊர்ப் பெயரும் காதில் விழுந்தபடிதான் எழுதப்பட்டிருக்கும். தஞ்சாவூர் 'டாஞ்சூர்', செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' என்று ஜில்லா தெரிந்துவிடும். கிராமத்தைக் கண்டுபிடிக்க உள்ளூர்க் காது வேண்டும். தாலுகா வாரியாகக் கிராமப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மாமனார் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், திருத்தமாக அல்ல, பேசுகிற மாதிரி.

பதிவேடு கிடைத்தால் எனக்கும் ஒரு வரி போடுங்கள். கூலிகள் வந்திறங்கிய டெப்போவில் முதல் முதலாக எழுதியவன் 'கம்' என்று முடித்தானா, 'கோன்' என்று முடித்தானா என்று தெரிய வேண்டும்.